ஜெய்சால்மர் இரவுகள்: தார்ப் பாலைவனத்தின் பாட்டும் பேய்க்கதையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றாலை, சூரிய மின்சாரம், ராணுவம், வங்கி என்று ஏதோ ஒரு வேலை மாறுதலில் தமிழ்க் குடும்பங்கள் ஜெய்சால்மர் பக்கம் வந்துகொண்டேதான் இருக்கின்றன. வந்த புதிதில் தண்ணீர், பள்ளிக்கூடம், இட்லி அரிசி பற்றிக் கேட்பார்கள். அதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும். அப்புறம் வரும் கேள்வி, "ராத்திரி ஆனால் இங்கே என்னதான் செய்வது?" என்பது. இந்த ஊர்ப் பாட்டைக் கேளுங்கள், இந்த ஊர்ப் பேய்க்கதையை வாசியுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். அப்படிச் சொன்ன பிறகு என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இங்கே பாடுகிறவர்கள் யார்?

பலர் உண்டு. ஜெய்சால்மர், பாட்மேர் பக்கம் இருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு சமூகங்களை: மாங்கணியார், லாங்கா. இரு தரப்பும் முஸ்லிம்கள், பரம்பரைப் பாடகர்கள். மாங்கணியார்களைத் தலைமுறை தலைமுறையாக ஆதரித்துவருபவர்கள் பெரும்பாலும் ராஜபுத்திரர் போன்ற இந்துக் குடும்பங்கள். லாங்காக்களின் புரவலர்கள் சிந்தி முஸ்லிம் குடும்பங்கள். புரவலரை 'ஜஜ்மான்' என்பார்கள். அந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் பாடவேண்டியது அந்தக் குடும்பத்துக்கென்று இருக்கும் பாடகர்தான். ஜஜ்மானின் முன்னோர் பெயர்களை வரிசையாகச் சொல்லி வாழ்த்துவதும் அவர் வேலை. எழுதிவைத்த ஏடு கிடையாது, எல்லாம் மனப்பாடம். தானியம், ஆடு, ஒட்டகம், பணம் என்று பரிசு வரும்.

ஆகவே ஒரே பாடகர், ஒரே இரவில் கிருஷ்ணன் மேல் ஒரு பஜனை, ஷா அப்துல் லத்தீஃபின் சூஃபிப் பாடல் ஒன்று, மாப்பிள்ளை அழைப்புப் பாட்டு ஒன்று என்று வரிசையாகப் பாடுவதைக் கேட்கலாம். கேட்கிறவர்களில் யாரும் அதை விசித்திரமாக நினைப்பதில்லை. நம் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு முதல் தடவை கண் விரியும்.

என்னென்ன வாத்தியங்கள்? எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்?

கமாய்ச்சாவை. மற்றவை தானாகவே காதில் விழும், கமாய்ச்சாவைத்தான் தேடிப்போய்க் கேட்க வேண்டும்.

மாமரத்தில் குடைந்த பெரிய வட்டமான வயிறு. அதன் மேல் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டியிருக்கும். முக்கியத் தந்திகள் மூன்றும் ஆட்டுக்குடலில் முறுக்கியவை. அவற்றுக்குத் துணையாக அதிர்வதற்கென்று எஃகுக் கம்பிகள் சில. வில்லில் குதிரை முடி. தரையில் உட்கார்ந்து, வாத்தியத்தை முன்னால் நிறுத்தி வாசிப்பார்கள். வயலின்போல் வழுவழுப்பான நாதம் வராது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மூக்கடைப்பு, அடியில் ஒரு ரீங்காரம். வயதான ஒருவர் தொண்டை கட்டிய குரலில் உங்களுக்கு மட்டும் ஏதோ சொல்கிற மாதிரி இருக்கும். ஒலிபெருக்கியில் இந்தக் கரகரப்பு செத்துவிடும். அதனால்தான் பத்துப் பேர் உட்காரும் அறையில், மைக் இல்லாமல் கேளுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

ஜெய்சால்மர் பக்கத்து ஹமீரா கிராமத்து சாகர் கான், இந்த வாத்தியத்தின் பெரிய கலைஞர். 2012-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2013-ல் காலமானார். அவர் குடும்பத்தார் இன்றும் வாசிக்கிறார்கள். ஆனால் கமாய்ச்சா செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இளைஞர்கள் ஹார்மோனியத்துக்குப் போய்விடுகிறார்கள், அது கற்றுக்கொள்ளவும் தூக்கிக்கொண்டு அலையவும் எளிது. ஒவ்வொரு கச்சேரியிலும் "ஒரு பாட்டாவது கமாய்ச்சாவோடு பாடுங்கள்" என்று கேட்பவர் இருந்தால்தான் அது நிலைக்கும். கேட்பவராக நீங்கள் இருங்கள்.

லாங்காக்களுடையது சிந்தி சாரங்கி. மாங்கணியார்களிலும் அதை வாசிப்பவர்கள் உண்டு, 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற லாக்கா கான் அப்படிப்பட்டவர். கர்தால் என்பது ஒவ்வொரு கையிலும் இரண்டிரண்டு மரத்துண்டுகள், அவ்வளவுதான். ஆணி இல்லை, கயிறு இல்லை, சலங்கை இல்லை. அந்த நான்கு துண்டிலிருந்து கிளம்பும் வேகத்தைப் பார்த்தால் பிள்ளைகள் இடத்தை விட்டு நகரமாட்டார்கள். மோர்ச்சங் என்று ஒன்று எடுப்பார்கள். நம் கச்சேரிகளில் வரும் மோர்சிங்கேதான்.

மணல்மேட்டுக் கூடாரங்களில் தினமும் கச்சேரி நடக்கிறதே, அது போதாதா?

சாம் மணல்மேடு ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அங்கே சாப்பாடு, ஆட்டம், பாட்டு எல்லாம் சேர்த்துக் கட்டணம். விருந்தாளி வந்தால் கூட்டிப் போங்கள், குறை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே பாடகருக்கு நேரம் குறைவு, கூட்டம் கேட்பது சினிமாவில் வந்த நாலு பாட்டு, பக்கத்துக் கூடாரத்திலிருந்து டிஜே சத்தம். அதே கலைஞர் தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தால் வேறு ஆள்.

ஊரிலேயே கலாகார் காலனி என்று ஒரு பகுதி இருக்கிறது, இசைக் குடும்பங்கள் நிறைய. அங்கே போய் ஒரு டீ சாப்பிட்டுப் பேச்சுக் கொடுங்கள். பெரியவர்களைக் "கான் சாஹிப்" என்றும், பார்த்ததும் "கம்மா கணி" என்றும் சொன்னால் பாதி வேலை முடிந்தது. கார்த்திகை ஏகாதசிக்குப் பிறகு கல்யாண சீசன் தொடங்கும். அக்கம்பக்கத்தில் நல்ல பழக்கம் இருந்தால் அழைப்பு தானாக வரும். உண்மையான பாட்டைக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

பெரிய அளவில் கேட்க வேண்டுமென்றால், ஜோத்பூர் மெஹ்ரான்கட் கோட்டையில் 2007 முதல் நடக்கும் சர்வதேச நாட்டுப்புற இசை விழா. 'சரத் பூர்ணிமா' என்னும் பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் அக்டோபரில் வரும். விடியற்கால நிகழ்ச்சியைத் தவறவிடாதீர்கள். தை–மாசியில் ஜெய்சால்மரிலேயே பாலைவனத் திருவிழா உண்டு. கூட்டம் அதிகம்.

மார்வாடி, சிந்தி எதுவும் புரியாது. பாட்டை எப்படி ரசிப்பது?

பாட்டின் கதையை முன்பே தெரிந்துகொண்டு போங்கள், போதும். இரண்டு பாட்டுக்கு மட்டும் சொல்கிறேன்.

'குர்ஜா' என்பது ஒரு கொக்கினம். மங்கோலியா, மத்திய ஆசியா பக்கமிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வரும். பலோடி பக்கத்துக் கீச்சன் கிராமத்தில் ஆயிரக்கணக்கில் இறங்கும். ஊர்க்காரர்களே தானியம் தூவுகிறார்கள். அந்தப் பறவையிடம், தூர தேசம் போன கணவனுக்குச் சேதி சொல்லச் சொல்லி ஒரு பெண் பாடுவதுதான் குர்ஜா பாட்டு. "நாராய் நாராய் செங்கால் நாராய்" என்று பள்ளியில் படித்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? ஒரு ஜனவரிக் காலையில் கீச்சன் போய்ப் பறவைகளைப் பார்த்துவிட்டு, அன்று ராத்திரி அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது 'மூமல்'. ஜெய்சால்மர் கோட்டை 1156-ல் எழுவதற்கு முன் 'பாட்டி' (Bhati) என்னும் ராஜபுத்திர வம்சத்து அரசர்களின் தலைநகரம் லோதுர்வா. அங்கே இருந்த பேரழகி மூமல். அவளைப் பார்க்க அமர்கோட்டிலிருந்து மகேந்திரன் இரவோடு இரவாக ஒட்டகத்தில் வந்து, விடிவதற்குள் திரும்பிவிடுவான். அமர்கோட் இப்போது பாகிஸ்தானில், எல்லைக்கு அந்தப் பக்கம். ஒருநாள் அவன் வரத் தாமதம். மூமலின் தங்கை ஆண்வேடம் போட்டு விளையாடிவிட்டு அப்படியே அக்கா பக்கத்தில் தூங்கிப்போனாள். வந்தவன் பார்த்தான், தப்பாக நினைத்தான், சாட்டையை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் துயரம். பாட்டு பெரும்பாலும் அவள் அழகை வருணிப்பதோடு நின்றுவிடும். முடிவு என்ன என்று தெரிந்தவர்களுக்கு அந்த வருணனையே நெஞ்சை அடைக்கும்.

இன்னொன்று: பல பாட்டுகள் தாளமில்லாத ஒரு 'தோஹா'வோடுதான் தொடங்கும். இரண்டடிச் செய்யுள், நீட்டி இழுத்துப் பாடுவார்கள். அந்த நேரத்தில் பேசாதீர்கள், கை தட்டாதீர்கள். டோலக் இறங்கிய பிறகு எல்லாம் தாராளம்.

வீட்டுக்கு அழைத்துப் பாடச் சொல்லலாமா? எவ்வளவு கொடுப்பது?

தாராளமாக அழைக்கலாம். தொகையை முன்கூட்டியே நேராகப் பேசி முடிவு செய்யுங்கள், இடைத்தரகர் வேண்டாம். ஓட்டலில் எத்தனை பேருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, அதைவிடக் குறையாமல் கொடுங்கள். போகவர வண்டி, ராத்திரிச் சாப்பாடு உங்கள் பொறுப்பு. பாட்டு பிடித்துப்போனால் ஒரு நோட்டை எடுத்து, பிரியமானவர் தலையைச் சுற்றிப் பாடகரிடம் கொடுப்பது இங்கே வழக்கம். பேசிய தொகையில் அதைக் கழிக்கக்கூடாது. பதிவு செய்வதென்றால் முதலில் அனுமதி கேளுங்கள். இணையத்தில் போடுவதற்கு இன்னொரு தடவை தனியாகக் கேளுங்கள், கலைஞர் பெயரையும் ஊரையும் போடுங்கள். முஹர்ரம் நாட்களில் கூப்பிட வேண்டாம். ரமலானில் அவர்களுக்குத் தோதுப்படுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாட்டு சரி. அதோடு பேய்க்கதையை ஏன் சேர்க்கிறீர்கள்?

நான் சேர்க்கவில்லை, இந்த ஊர்க்காரர்களே சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய தோஹா இருக்கிறது. தோஹாவில் சோரட்டா என்கிற வகை நல்லது, கதையில் மரவணின் கதை (தோலா–மாரு காதல் கதையின் நாயகி அவள்) நல்லது, பெண்ணுக்கு இளமை பூத்த பருவம் நல்லது, இரவென்றால் நட்சத்திரம் கவிந்த இரவு நல்லது என்று அதற்கு அர்த்தம். பாட்டு, கதை, இரவு மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன.

பாபுஜி கதையைப் பாருங்கள். பாபுஜி ஒரு ராத்தோட் வீரர், தெய்வமாக வணங்கப்படுகிறவர். அவர் கதை முழுவதையும் ஒரு நீளமான துணியில் வரைந்திருப்பார்கள். அதற்கு 'ஃபட்' என்று பெயர். இருட்டியதும் துணியை விரித்துக் கட்டி, போப்பா என்கிற பூசாரிப் பாடகர் ராவணஹத்தாவை மீட்டிக்கொண்டு பாடுவார். அவர் மனைவி விளக்கைத் தூக்கிப்பிடித்து, எந்தக் காட்சி பாடப்படுகிறதோ அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் காட்டுவார். துணியின் மற்ற இடமெல்லாம் இருட்டு. குதிரை, பாம்பு, வெட்டுப்பட்ட தலை என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்து மறையும். விடியும்வரை போகும். ராவணஹத்தாவின் குடம் தேங்காய்ச் சிரட்டை, அதன் மேல் ஆட்டுத்தோல், வில்லிலே சலங்கை. ராவணன் செய்த வாத்தியம் என்று நம்புகிறார்கள். கதைப்படி பாபுஜி அண்ணன் மகள் கேலத்துக்குச் சீதனமாக ஒட்டகங்களை ஓட்டிவந்ததும் இலங்கையிலிருந்துதான்!

கதை சொல்வதற்கும் இங்கே ஒரு முறை உண்டு. சொல்பவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கும்போது, கேட்பவர்களில் ஒருவர் 'ஹும்' கொட்ட வேண்டும். "படைக்கு முரசு, கதைக்கு ஹுங்காரம்" என்று பழமொழியே இருக்கிறது. நம் வீட்டுப் பாட்டிமாரும் 'உம்' கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார்கள் இல்லையா? மாங்கணியார் கச்சேரியிலும் இப்படித்தான். ஜஜ்மான் தலையாட்டி, வாயால் ஒரு சொல் சொன்னால் பாட்டு இன்னும் ஒரு படி ஏறும். பாலைவனத்து இரவில் பாட்டும் கதையும் பிழைத்திருப்பது எதிரே இருந்து பதில் கொடுக்கும் அந்த ஓர் ஆளால்தான்.

அதனால் பேய்க்கதையைத் தனியாகப் படுத்துக்கொண்டு மனதுக்குள் வாசிக்காதீர்கள் என்பேன். வாய்விட்டு வாசியுங்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் உம் கொட்டட்டும். பயம் அப்போதுதான் சரியான அளவுக்கு வரும்.

எதிலிருந்து தொடங்கலாம்?

விஜய்தான் தேத்தா. வேறு பெயர் இரண்டாவதாகத்தான். 1926-ல் பிறந்து 2013-ல் மறைந்தவர். ஜோத்பூர் பக்கத்துப் போருந்தா கிராமத்திலேயே இருந்து, ஊர்ப் பெண்களும் பெரியவர்களும் சொன்ன கதைகளைக் கேட்டு ராஜஸ்தானியில் 14 தொகுதிகள் எழுதினார். சாகித்ய அகாதமி விருது 1974-ல் வந்தது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் கோமல் கோட்டாரியும் அவரும் சேர்ந்து 1960-ல் ரூபாயன் சன்ஸ்தானைத் தொடங்கினார்கள். மாங்கணியார், லாங்கா கலைஞர்களை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனதில் கோட்டாரிக்குப் பெரிய பங்கு உண்டு. கதை சேகரித்த கையும் பாட்டு சேகரித்த கையும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்திருக்கின்றன.

முதலில் 'துவிதா' கதையை வாசியுங்கள். கல்யாணமாகி வரும் வழியில் ஒரு மரத்தடியில் மணப்பெண் இளைப்பாறுகிறாள். மரத்தில் இருக்கும் பேய் அவள்மேல் ஆசைப்படுகிறது. கணவனோ வியாபாரம்தான் பெரிது என்று உடனே வெளியூர் கிளம்பிவிடுகிறான், திரும்ப வர ஐந்து வருடம் ஆகும். பேய் அவன் உருவத்தில் வீட்டுக்கு வருகிறது. வந்ததும் அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறது! மாமனாருக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்றால், தினமும் தங்கக் காசு கிடைத்தது. முடிவைச் சொல்லமாட்டேன். மணி கௌல் 1973-லும் அமோல் பாலேகர் 2005-லும் இதைப் படமாக்கினார்கள். படத்தைப் பார்ப்பதற்கு முன் கதையை வாசியுங்கள். தேத்தாவின் பேய் யாரையும் அடிப்பதில்லை. பயமுறுத்துவது அதைச் சுற்றியிருக்கும் மனிதர்கள். இந்தி, ஆங்கில மொழிபெயர்ப்புகள் எளிதாகக் கிடைக்கும். வாசித்துவிட்டுத் தமிழில் உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள், அதுவும் ஒரு சுகம்.

தமிழிலேயே வாசிக்க வேண்டுமானால்?

பாலையையும் பேயையும் தமிழ் அளவுக்குச் சேர்த்துப் பாடிய மொழி குறைவு என்பது என் எண்ணம். கலிங்கத்துப்பரணியை எடுத்துக்கொள்ளுங்கள். 'காடு பாடியது' பகுதியில், அந்த வனத்தில் நிற்கும் நிழல் என்று ஒன்று எங்குமே கிடையாது. பறக்கும் பருந்தின் நிழல் தரையில் ஓடுவதுகூட, நிழலே காட்டுக்குப் பயந்து ஓடுவதைப்போல் இருக்கிறது என்பார் செயங்கொண்டார். மே மாதம் மத்தியானம் இங்கே மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் இந்த வரியில் மிகை எதுவுமே இல்லை என்று தெரியும். கோயிலையும் தேவியையும் பாடிய பிறகு, பேய்களைப் பாடும் பகுதியும் வருகிறது.

அதைவிட எனக்கு நெருக்கம் காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகங்கள். தன்னையே 'காரைக்கால் பேய்' என்று சொல்லிக்கொண்டவர். ஒரு பதிகம் நட்டபாடைப் பண், மற்றது இந்தளம். பாட்டும் பேய்க்கதையும் ஒன்றாகவே கிடைக்கின்றன. "கள்ளிக் கவட்டிடைக் காலை நீட்டி" உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்பேய், சுடலைக் கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. ஜோத்பூர்க் கோட்டைக்கு அடியிலுள்ள ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்காவில் அப்படிக் கவடு விட்ட கள்ளிகள் பாறைச் சரிவெங்கும் நிற்கின்றன. அந்தி நேரத்தில் அவற்றைப் பார்த்துக்கொண்டே ஓதுவார் பாடிய பதிவைக் காதில் மாட்டிக் கேளுங்கள். அந்தப் பூங்காவில் 2006-லிருந்து சீமைக்கருவேலத்தைப் பாறைக்குள்ளிருந்து வேரோடு தோண்டி எடுத்துவிட்டு ஊர்ச்செடிகளை வளர்த்தார்கள். நம் கண்மாய்களை அடைத்த அதே மரம்தான்.

கதையென்றால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. பாலைவனம் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே முதுகு சில்லிடும்.

பேய் ஊர் என்று சொல்கிற குல்தராவுக்கு ராத்திரியில் போகலாமா?

வேண்டாம். சாயங்காலத்துக்கு மேல் அனுமதியும் கிடையாது. காலையில் போங்கள்.

ஊரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். கூரையில்லாத கல்வீடுகள், நேரான தெருக்கள், ஒரு கோயில். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த ஊர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலியானது. எல்லோரும் சொல்லும் கதை இது: திவான் சாலிம் சிங் ஊர்த்தலைவரின் மகள்மேல் கண் வைத்தான். 84 கிராமத்தார் கூடிப் பேசி ஒரே ராத்திரியில் ஊரைக் காலி செய்தார்கள், இனி இங்கே யாரும் குடியிருக்க முடியாது என்று சாபமிட்டுப் போனார்கள்.

எனக்கு இதைவிட அச்சம் தருவது ஆவணங்களில் இருப்பதுதான். 1829-லும் 1832-லும் வெளிவந்த, ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் டாடின் ராஜஸ்தான் வரலாற்று நூலிலேயே சாலிம் சிங்கின் கொள்ளையும் வரிக்கொடுமையும் பாலிவால்களை நாட்டை விட்டுத் துரத்தியது வருகிறது. கிணறுகள் வற்றியிருக்கலாம், நிலநடுக்கம் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதும் உண்டு. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் இடத்தில் கோதுமை விளைவித்தவர்கள் அவர்கள். பாறை மேட்டிலிருந்து வழிந்துவரும் மழைநீரைத் தாழ்வான நிலத்தில் மண்கரை கட்டித் தேக்குவார்கள். நீர் ஊறி வற்றியதும் அந்த ஈரத்திலேயே குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். இதற்குக் 'கடீன்' என்று பெயர், இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அப்படிப்பட்ட அறிவுள்ள ஒரு சமூகத்தை ஓர் அதிகாரி விரட்டிவிட முடிந்தது. பேய் வேட்டைக்கு வருகிற கூட்டம், சுவரில் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போகிறது. கரையையும் கிணற்றையும் யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் அவற்றைப் பாருங்கள். சாலிம் சிங்கின் மாளிகை ஜெய்சால்மர் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

வேறு பேய் இடங்கள்?

பாட்மேர் பக்கம் கிராடு கோயில்கள். ராத்திரி தங்கினால் கல்லாகிவிடுவார்கள் என்பது கதை, ஒரு முனிவரின் சாபம். சிற்பங்கள் அபாரம், கதைக்காகப் போனவர்களும் சிற்பத்தைத்தான் பேசிக்கொண்டு வருவார்கள். ஜோத்பூர்–பாலி நெடுஞ்சாலையில் ஓம் பன்னா சன்னிதி. 1988-ல் விபத்தில் இறந்த இளைஞரின் புல்லட் மோட்டார்சைக்கிளே அங்கே வழிபடப்படுகிறது. காவல் நிலையத்துக்கு எடுத்துப்போன வண்டி தானாகத் திரும்பி வந்தது என்பார்கள். லாரி ஓட்டுநர்கள் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

தூங்கும்போது மூச்சைக் குடிக்கும் பாம்பு உண்டாமே, அதுவும் கதையா?

பெயர் 'பீவணா'. ராத்திரியில் தூங்குகிறவர் மார்பில் ஏறி உட்கார்ந்து மூச்சைக் குடித்துவிடும், காலையில் ஆள் பிணமாகக் கிடப்பார் என்பது நம்பிக்கை. மேலே சொன்ன தோஹாவில் வரும் மரவண் உயிரை விடுவதும் இதனால்தான்; ஒரு யோகி அவளை எழுப்புகிறார்.

மூச்சைக் குடிப்பது கதை. பாம்பு நிஜம். இங்கே கட்டுவிரியன் இனங்கள் இருக்கின்றன. ராத்திரியில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது, தடமும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விஷம் நரம்பைத் தாக்கி, இமை தொங்கி, கடைசியில் மூச்சுத்தசைகள் செயலிழக்கும். பார்த்தவர்கள் மூச்சைக் குடித்துவிட்டது என்று சொன்னதில் என்ன ஆச்சரியம்? கட்டிலில் படுங்கள், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுங்கள், ராத்திரி எழுந்தால் டார்ச் அடித்துக் காலை வையுங்கள். காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி, இமை தூக்க முடியாமை என்று யாராவது சொன்னால் மந்திரிக்கப் போகாதீர்கள், நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

சூனியக்காரி கதைகளும் நிறைய இருக்கின்றனவே, குழந்தைகளுக்குச் சொல்லலாமா?

'டாக்கண்' கதைகளை நான் சொல்வதில்லை. அந்தப் பெயரைச் சூட்டி விதவைகளையும் தனியாக வாழும் பெண்களையும் அடித்துத் துரத்திய கொடுமை இந்த மாநிலத்தில் நடந்திருக்கிறது. அதைத் தடுக்க 2015-ல் ராஜஸ்தான் தனிச்சட்டமே போட்டது. மரத்தில் இருக்கும் பேயைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பார்த்துக் குழந்தை பயப்படும்படியான கதை மட்டும் வேண்டாம். குழந்தைகளுக்குச் 'சௌபோலி' நன்றாக இருக்கும்: பேசுவதில்லை என்று சபதம் செய்த இளவரசியை ஒரே ராத்திரியில் நான்கு தடவை பேச வைக்க வேண்டும், அதற்காகக் கதைக்குள் கதையாகப் போகும். விக்கிரமாதித்தன்–வேதாளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

எந்த மாதம் நல்லது?

பாட்டுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ராத்திரிக் குளிர் கடுமையாக இருக்கும், கம்பளியும் கணப்புச்சட்டியும் வேண்டும். கணப்பு மனிதர்களுக்கு மட்டும் அல்ல, வாத்தியங்களின் தோலும் சூடு காட்டினால்தான் சுருதியில் நிற்கும். வாசிப்புக்கு மே, ஜூன். பகலில் 45 டிகிரியைத் தாண்டி 'லூ' என்னும் அனல்காற்று அடிக்கும்போது வெளியே போக முடியாது, மின்சாரமும் அவ்வப்போது போகும். ராத்திரி மொட்டை மாடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு ஒரு டார்ச்சோடு உட்காருங்கள். தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுக்கும், நரி ஊளையிடும், திடீரென்று மணற்புயல் கிளம்பினால் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு கீழே ஓட வேண்டியிருக்கும். ஆவணியில் மழைப் பாட்டுகளைக் கேளுங்கள். மழையே பார்க்காத ஊரில் மேகத்தைக் கூப்பிட எத்தனை பாட்டு! அந்த மாதம் கலைஞர்களுக்கு ஓட்டல் வேலை குறைவு. கலாகார் காலனியில் யாரையாவது அழைத்து நிதானமாகப் பாடச் சொல்ல ஏற்ற சமயம் அதுதான், பருவம் இல்லையே என்று தொகையைக் குறைத்துப் பேசாதீர்கள்.